கோவொர்க்கிங்ல எந்த சீட்டு உங்களுக்கு செட் ஆகும்? குணத்துக்கும் டெஸ்க்குக்கும் என்ன சம்பந்தம்

சென்னை பெருங்குடில ஒரு கோவொர்க்கிங் ஸ்பேஸ்ல, அதாவது வேற வேற வேலை பாக்குறவங்க காசு கட்டி சேந்து உக்கார்ற பொது ஆபீஸ்ல, ஃப்ரன்ட் டெஸ்க் பாத்துக்கிறேன், அஞ்சு வருஷம் ஆகப்போகுது. புதுசா வர்றவங்க முதல்ல கேக்குறது வைஃபை பாஸ்வேர்ட், அடுத்தது "எங்க வேணா உக்காரலாமா அக்கா?" ஆமா எங்க வேணா உக்காருங்கன்னுதான் ஆரம்பத்துல நானும் சொல்லிட்டு இருந்தேன். இப்ப அப்படி சொல்றதில்ல. என்ன வேலை, ஒரு நாளைக்கு எத்தனை போன் வரும், சுத்தி ஆளுங்க இருந்தா பிடிக்குமா பிடிக்காதா, இதெல்லாம் ரெண்டு நிமிஷம் பேசிட்டுதான் சீட்டு காட்டுறேன். ஏன்னா தப்பான சீட்டுல போய் உக்காந்த ஒரே காரணத்துக்காக "நமக்கு இந்த மாதிரி இடமெல்லாம் சரிப்படாது"ன்னு முடிவு பண்ணி கிளம்பிப் போனவங்கள நிறைய பாத்துட்டேன், அது ஒவ்வொரு தடவையும் மனசுக்கு கஷ்டமா இருக்கும்.

ரெண்டு பேர பத்தி சொல்றேன். ஒரு பொண்ணு, சப்டைட்டில் எழுதுற வேலை. முதல் நாள் வந்ததும் நடு ஹால்ல இருக்குற நீள டேபிள்ல உக்காந்தா, காபி டீ எடுத்துக்குற பேன்ட்ரிக்கு நேர் எதிர்ல. பதினோரு மணிக்குள்ள மூணு சீட்டு மாறியாச்சு. மதியம் சாப்பிட்டதும் பைய தூக்கிட்டு கிளம்பிட்டா. மறுநாள் போன் பண்ணி "அக்கா நான் இன்ட்ரோவர்ட், எனக்கு ஷேர்டு ஆபீஸெல்லாம் முடியாது போல, பாஸ கேன்சல் பண்ணிடுங்க"ன்னா. இன்னொருத்தர் இன்சூரன்ஸ் விக்கிறவர், வாய் ஓயாம பேசுவார், நல்ல மனுஷன். மாசத்துக்கு காசு கட்டி தனி கேபின் எடுத்தார், கதவு சாத்தி ஏசி போட்டு உக்காந்தவர் ரெண்டாவது வாரமே லேப்டாப்ப எடுத்துட்டு பேன்ட்ரி பக்கத்துல நின்னுக்கிட்டே வேலை பாக்க ஆரம்பிச்சுட்டார். கேட்டா "உள்ள உக்காந்தா தூக்கம் தூக்கமா வருது மேடம், ஜெயில்ல இருக்குற மாதிரி இருக்கு"ங்கிறார். ரெண்டு பேருமே காசு கொடுத்து தங்களுக்கு ஒத்து வராத இடத்த வாங்கியிருக்காங்க.

இது ஏன் இப்படின்னு புரிஞ்சுக்க ஆரம்பிச்சப்ப கொஞ்சம் படிச்சேன். சைக்காலஜி படிச்சவ இல்ல நான், பி.காம் தான், ஆனா இந்த விஷயத்துல அடிப்படை புரிஞ்சுக்க பெரிய படிப்பு எதுவும் தேவைப்படல.

முதல்ல இந்த இன்ட்ரோவர்ட் எக்ஸ்ட்ரோவர்ட் விஷயம். தமிழ்ல அகமுகம், புறமுகம்னு எழுதுறாங்க. இத பெருசா பேச வச்சது கார்ல் யூங், சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர், 1921ல மனுஷங்களோட வகைகள பத்தி எழுதினார். நம்ம ஊர்ல இன்ட்ரோவர்ட்னா கூச்ச சுபாவம், உம்மணாமூஞ்சி, ஆளுங்கள பிடிக்காதுன்னு நினைச்சுக்கிறோம். அது வேற இது வேற. கூச்சம்ங்கிறது அடுத்தவங்க என்ன நினைப்பாங்களோங்கிற பயம். அகமுகம்ங்கிறது பயம் இல்ல, சத்தம், வெளிச்சம், ஆள் நடமாட்டம், பேச்சு இதெல்லாம் ஒரு அளவுக்கு மேல போனா சீக்கிரம் களைச்சுப் போற தன்மை. கல்யாண வீட்டுல பாத்திருப்பீங்க, எல்லார்கிட்டயும் சிரிச்சு பேசிட்டு, பந்தியில உக்காந்து நல்லா சாப்பிட்டுட்டு, அப்புறம் மொட்டை மாடிக்கோ கார்லயோ போய் அரை மணி நேரம் தனியா உக்காந்துக்குற ஒரு மாமா இருப்பார். அவருக்கு யார் மேலயும் கோபம் இல்ல. அவருக்கு போதும், அவ்ளோதான்.

இதுக்கு ஒரு விளக்கம் கொடுத்தவர் ஹான்ஸ் ஐசெங்க், ஜெர்மனில பிறந்து இங்கிலாந்துல வேலை பாத்தவர், 1967ல எழுதினார். அவர் சொன்னத நான் டம்ளர் வச்சு புரிஞ்சுக்கிட்டேன். ஒரு டம்ளர்ல முக்கால்வாசி தண்ணி ஏற்கனவே இருக்கு, இன்னொரு டம்ளர்ல அடியில கொஞ்சூண்டுதான் இருக்கு. ரெண்டுலயும் ஒரே அளவு ஊத்தினா ஒண்ணு வழியும், இன்னொண்ணு பாதி கூட நிறையாது. அகமுகக்காரங்க மூளை சும்மா இருக்கும்போதே கொஞ்சம் அதிகமா விழிப்பா இருக்கு, அதனால வெளியில இருந்து வர்ற தூண்டுதல் சீக்கிரம் வழிஞ்சிடுது. புறமுகக்காரங்களுக்கு அது குறைவா இருக்குறதால அவங்க வெளியில இருந்து தேடி தேடி ஊத்திக்கிறாங்க. நாக்குல எலுமிச்சம்பழச் சாறு சில சொட்டு விட்டு எச்சில் எவ்ளோ ஊறுதுன்னு அளந்து பாத்த சோதனை கூட உண்டு, சராசரியா அகமுகக்காரங்களுக்குத்தான் அதிகமா ஊறுச்சு. மூளைக்குள்ள நடக்குறது ஐசெங்க் சொன்ன அளவுக்கு எளிமை இல்லன்னு பின்னாடி வந்தவங்க காட்டியிருக்காங்க, ஆனா சீட்டு பாக்குறதுக்கு இந்த டம்ளர் கணக்கு போதும்.

இதுலயே எனக்கு ரொம்ப பிடிச்ச சோதனை 1984ல ரஸ்ஸல் கீன்னு ஒருத்தர் பண்ணது. ரெண்டு வகை ஆளுங்களையும் உக்கார வச்சு, வார்த்தைகள பத்தின ஒரு கத்துக்கிற வேலை கொடுத்து, ஹெட்போன்ல நடுநடுவுல சத்தம் வரும், எவ்ளோ சத்தம் வேணும்னு நீங்களே வச்சுக்கோங்கன்னு விட்டார். புறமுகக்காரங்க சராசரியா 72 டெசிபெல் வச்சாங்க, அகமுகக்காரங்க 55 டெசிபெல். இங்க கவனிக்க வேண்டியது என்னன்னா அவங்கவங்க வச்சுக்கிட்ட சத்தத்துல ரெண்டு பேருமே ஒரே மாதிரி நல்லா செஞ்சாங்க. அளவ மாத்தி வச்சப்பதான் ரெண்டு பக்கமுமே சறுக்குச்சு. அதாவது சத்தம் கூடினா அகமுகக்காரங்க தடுமாறுறாங்க, சத்தம் குறைஞ்சா புறமுகக்காரங்க தடுமாறுறாங்க. நம்ம இன்சூரன்ஸ்காரருக்கு கேபின்ல தூக்கம் வந்தது சோம்பேறித்தனம் இல்ல, டம்ளர் காலியா கிடந்தது. இத அவர்கிட்ட சொன்னப்ப அவர் முகத்துல வந்த நிம்மதிய பாக்கணும், இத்தன வருஷமா தனக்கு கவனம் கம்மி, ஒழுக்கம் கம்மின்னு நினைச்சுட்டு இருந்திருக்கார் மனுஷன்.

சரி அப்ப எல்லாரையும் ரெண்டா பிரிச்சு, நீ அந்தப் பக்கம் நீ இந்தப் பக்கம்னு உக்கார வச்சிடலாமான்னா, கூடாது. இங்கதான் பெரும்பாலானவங்க தப்பு பண்றாங்க.

நாலு எழுத்துல குணத்த சொல்ற டெஸ்ட் எல்லாருக்கும் தெரியும், எம்பிடிஐன்னு சொல்வாங்க, ஐஎன்எஃப்ஜே இஎஸ்டிபின்னு பயோல எல்லாம் போட்டுக்கிறாங்க. அத உருவாக்கினது அமெரிக்காவுல கேத்தரின் பிரிக்ஸ், அவங்க பொண்ணு இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ், ரெண்டாம் உலகப்போர் சமயத்துல, யூங் எழுதினத அடிப்படையா வச்சு. மொத்தம் 16 வகை. தன்னைப் பத்தி யோசிக்க ஆரம்பிக்கிறதுக்கு அது ஒரு வாசல்னு சொன்னா ஒத்துக்கிறேன், ஆனா அத வச்சு சீட்டு ஒதுக்கக் கூடாது. காரணம் என்னன்னா அது ஒவ்வொரு எழுத்துக்கும் ஆளுங்கள ரெண்டுல ஒரு டப்பாக்குள்ள போட்டே ஆகணும்னு பிடிவாதமா நிக்குது. உயரத்த எடுத்துக்கோங்க, 170 சென்டிமீட்டருக்கு மேலன்னா "உயரம்", கீழன்னா "குட்டை"ன்னு ரெண்டே டப்பா வச்சா, 169ம் 171ம் வேற வேற ஜாதி மாதிரி ஆயிடும், 171ம் 190ம் ஒரே ஆளு மாதிரி ஆயிடும். குணமும் உயரம் மாதிரிதான், பெரும்பாலானவங்க நடுவுலதான் இருக்காங்க, ரெண்டு ஓரத்துலயும் கொஞ்சம் பேர். நடுவுல இருக்குறவங்க அதே டெஸ்ட்ட சில வாரம் கழிச்சு எழுதினா எழுத்து மாறிடும், நிறைய பேருக்கு மாறவும் மாறியிருக்கு.

எங்க இடத்துல ஒரு ஃப்ளோர எடுத்திருந்த ஒரு கம்பெனில இது நிஜமாவே நடந்தது. எல்லாருக்கும் ஆன்லைன்ல டெஸ்ட் கொடுத்து, முதல் எழுத்து ஐ, அதாவது இன்ட்ரோவர்ட்னு வந்தவங்க எல்லாம் பின்னாடி ரூம், இ, அதாவது எக்ஸ்ட்ரோவர்ட்னு வந்தவங்க எல்லாம் முன்னாடின்னு ஹெச்ஆர் பிரிச்சுட்டாங்க. நல்ல எண்ணத்துலதான் பண்ணாங்க. ஆனா ஐ வந்த ஒரு பொண்ணு டீம் லீட், அவளோட டீம்ல நாலு பேரு முன்னாடி ஹால்ல. நாள் முழுக்க அவங்க பேசிக்கிறது எதுவும் இவளுக்கு காதுல விழாது, முடிவெல்லாம் முன்னாடியே எடுத்துடுவாங்க, இவளுக்கு சாயங்காலம்தான் தெரியும். ஒரு நாள் என் டெஸ்க் பக்கத்துல வந்து நின்னு "அமைதியா இருக்குற ஆளுன்னா ஒதுக்கி வச்சுடுவாங்களாக்கா"ன்னு கேட்டப்ப எனக்கு என்ன பதில் சொல்றதுன்னே தெரியல. அவளுக்கு வேண்டியது தனி ரூம் இல்ல, டீம் பக்கத்துலயே முதுகுக்குப் பின்னாடி நடமாட்டம் இல்லாத ஒரு ஓர சீட்டு.

ஆராய்ச்சி பண்றவங்க இப்ப அதிகமா பயன்படுத்துறது பிக் ஃபைவ்னு சொல்ற அஞ்சு குணம். டப்பா இல்ல, ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி அஞ்சு திருகு, ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு திருகும் ஒவ்வொரு நம்பர்ல நிக்குது. எக்ஸ்ட்ராவெர்ஷன் அதுல ஒண்ணுதான், அத பாத்தாச்சு. மத்த நாலும் டெஸ்க் விஷயத்துல அதே அளவு வேலை பண்ணுது, அத யாரும் பேசுறதே இல்ல.

கான்ஷியன்ஷியஸ்னஸ், அதாவது ஒழுங்கு, திட்டம், பொறுப்பு. இது கூடுதலா இருக்குறவங்கள நான் காலைல எட்டே முக்காலுக்கே கண்டுபிடிச்சுடுவேன். டிஷ்யூ எடுத்து டேபிள துடைப்பாங்க, சார்ஜர் வயர சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வச்சிருப்பாங்க, தண்ணி பாட்டில் தினமும் ஒரே இடத்துல நிக்கும். இவங்களுக்கு ஹாட் டெஸ்க், அதாவது யார் முதல்ல வர்றாங்களோ அவங்களுக்கு சீட்டுங்கிற ஏற்பாடு, சித்திரவதை. சத்தம் இவங்களுக்கு பிரச்சனை இல்ல, நேத்து உக்காந்த இடத்துல இன்னிக்கு வேற யாரோ உக்காந்திருக்காங்களேங்கிறதுதான் பிரச்சனை, அந்த ஒரு விஷயத்துல அரை நாள் போயிடும். கொஞ்சம் காசு கூட ஆனாலும் டெடிகேட்டட் டெஸ்க், அதாவது உங்களுக்குன்னே ஒதுக்கின டேபிள், எடுத்துக்கோங்கன்னு நானே சொல்லிடுவேன். ஓப்பன்னஸ், புதுசுக்கு மனசு திறந்து இருக்குறது, இது கூடுதலா இருக்குறவங்க நேர் எதிர். இன்னிக்கு ஜன்னல், நாளைக்கு மாடி, அடுத்த நாள் பீன் பேக். அவங்கள ஒரே சீட்டுல கட்டிப்போட்டா வாடிப்போயிடுவாங்க. 2002ல சாம் காஸ்லிங்னு ஒரு சைக்காலஜிஸ்டும் அவர் கூட இருந்தவங்களும் ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, ஆளே இல்லாத ஆபீஸ் ரூமையும் பெட்ரூமையும் முன்னபின்ன தெரியாதவங்ககிட்ட காட்டி இங்க இருக்குறவர் எப்படிப்பட்டவர்னு சொல்லுங்கன்னாங்க, இந்த ரெண்டு குணத்தையும் இடத்த பாத்தே ஓரளவு சரியா சொல்லிட்டாங்க. தினமும் சாயங்காலம் டேபிள் எல்லாம் செக் பண்ணிட்டு பூட்டுற எனக்கு அதுல ஆச்சரியமே இல்ல.

அக்ரீயபிள்னஸ், விட்டுக்கொடுத்து ஒத்துப்போற குணம், இதுதான் என்னை மாதிரி இடம் நடத்துறவங்க ரொம்ப கவனமா பாக்க வேண்டியது. இவங்க பக்கத்து சீட்டுக்காரர் ஸ்பீக்கர்ல கால் பேசினாலும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, ஏசி 18ல இருந்தா துப்பட்டாவ போத்திக்கிட்டு உக்காந்துப்பாங்க, எப்படிங்க இருக்குன்னு கேட்டா சூப்பரா இருக்குக்கான்னு சிரிப்பாங்க, மாசக் கடைசில ரின்யூ பண்ண மாட்டாங்க. நமக்கு காரணமே தெரியாது. அதனால இப்ப நான் "ஏதாவது பிரச்சனையா"ன்னு கேக்குறதில்ல, "ஏசி ஏத்தணுமா இறக்கணுமா"ன்னு கேக்குறேன். ரெண்டுல ஒண்ணு சொல்றது அவங்களுக்கு சுலபம்.

அஞ்சாவது நியூராட்டிசிசம், பேரு பயமுறுத்துது, ஆனா வியாதி இல்ல, சீக்கிரம் பதட்டப்படுற, சின்ன விஷயமும் மனச உரசுற தன்மை, எல்லார்கிட்டயும் கொஞ்சம் உண்டு. இது கூடுதலா இருக்குறவங்களுக்கு சத்தத்த விட பெரிய தொந்தரவு முதுகு. பின்னாடி கதவு இருந்தா, யாராவது ஸ்க்ரீன பாத்துட்டு போறாங்களோன்னு ஒரு நினைப்பு ஓடிக்கிட்டே இருக்கும். ஜே ஆப்பிள்டன்னு ஒரு இங்கிலாந்து புவியியலாளர் 1975ல சொன்னது இதுக்கு நல்லா பொருந்தும், மனுஷனுக்கு பிடிச்ச இடம் எதுன்னா தன்னால எல்லாத்தையும் பாக்க முடியணும், ஆனா தான் சட்டுன்னு கண்ணுல படக்கூடாது. ஹோட்டல்ல பாருங்க, முதல்ல நிறையுறது சுவத்து ஓரம், மூலை டேபிள், கடைசில நிறையுறது நட்ட நடு டேபிள். எங்க ஹால்லயும் அதே கதைதான், தூண் ஓரத்துல இருக்குற ஆறு சீட்டுக்கு காலைல ஒரு போட்டியே நடக்கும்.

இப்ப சத்தத்துக்கு திரும்ப வர்றேன், ஏன்னா சத்தம்னா எல்லா சத்தமும் ஒண்ணு இல்ல. ஏசி ஓடுற சத்தம், வெளிய ஓஎம்ஆர் ரோட்டுல போற வண்டி சத்தம், இதெல்லாம் கொஞ்ச நேரத்துல காது மறந்துடும். மறக்க முடியாதது மனுஷப் பேச்சு. அதுலயும் மோசமானது பாதிப் பேச்சு. பக்கத்து சீட்டுல ஒருத்தர் போன்ல "ஆங்… ஆங்… அதான் நான் அன்னைக்கே சொன்னேன்ல… இல்ல இல்ல, அவர் பேர்ல போட வேண்டாம்… எவ்ளோ?… அய்யயோ"ன்னு பேசினார்னு வைங்க, உங்க விரல் கீபோர்டுலயே நின்னுடும். யார் பேர்ல, என்னத்த போட வேண்டாம், எவ்ளோ சொன்னாங்க, மூளை அந்த மறு பாதிய கட்டிக்கிட்டே இருக்கும். 2010ல அமெரிக்காவுல கார்னெல் யுனிவர்சிட்டி ஆளுங்க இத சோதிச்சு பாத்தாங்க, ரெண்டு பேர் பேசுறது முழுசா கேட்டா வராத தடுமாற்றம், ஒருத்தர் பேசுறது மட்டும் கேட்டா வந்தது. பாதிதான் கேக்குதுன்னா அடுத்து என்ன வரும்னு மூளையால கணிக்க முடியல, அதான் காரணம். இதுல அகமுகம் புறமுகம்னு பாத்து யாரும் தப்பிக்க முடியாது, நம்ம இன்சூரன்ஸ்காரரே "பக்கத்துல யாராவது போன் பேசினா மட்டும் என்னால முடியல மேடம்"ங்கிறார், அவரே நாள் முழுக்க போன்ல இருக்குற ஆளு. அதனாலதான் ஷேர்டு இடத்துல முதல்ல கட்ட வேண்டியது போன் பூத்துன்னு நான் நினைக்கிறேன், பீன் பேக்கும் ஃபூஸ்பால் டேபிளும் அப்புறம் வரட்டும்.

செய்யுற வேலையும் ஒரு கணக்கு. ராபர்ட் ஸாயான்ஸ்னு ஒரு சைக்காலஜிஸ்ட் 1969ல கரப்பான்பூச்சிய வச்சு ஒரு சோதனை பண்ணார், கேக்கவே ஒரு மாதிரி இருக்கும், ஆனா விஷயம் அழகு. வெளிச்சத்த விட்டு ஓடுற கரப்பான்பூச்சிக்கு நேர்ப்பாதை ஒண்ணு, திருப்பம் உள்ள பாதை ஒண்ணு. பக்கத்துல மத்த கரப்பான்பூச்சிங்க வேடிக்கை பாக்குற மாதிரி இருந்தா நேர்ப்பாதைல இன்னும் வேகமா ஓடுச்சு, திருப்பத்துல மெதுவாயிடுச்சு. கூட ஆள் இருந்தா பழகின சுலபமான வேலை வேகமெடுக்கும், புதுசான கஷ்டமான வேலை தடுமாறும், மனுஷங்களுக்கும் அப்படித்தான். எங்ககிட்ட வர்ற ஆடிட்டர் ஆபீஸ் பையன் ஜிஎஸ்டி பில் என்ட்ரி போடுற நாள்ல நீள டேபிள்ல உக்காருவான், பரீட்சைக்கு படிக்கிற நாள்ல தூண் ஓரம். அவனுக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் தெரியாது, உடம்பே சொல்லிக்கொடுத்திருக்கு. ஆள் ஒண்ணுதான், குணம் ஒண்ணுதான், ஆனா வேண்டிய சீட்டு ரெண்டு.

இதெல்லாம் தெரிஞ்சும் ஏன் எல்லா ஆபீஸும் திறந்த ஹாலா இருக்குன்னு கேப்பீங்க. 1950கள் கடைசில ஜெர்மனில ஷ்னெல்லேன்னு ரெண்டு சகோதரர்கள், சுவரெல்லாம் எடுத்துட்டு செடி, வளைவா டேபிள்னு ஆபீஸ ஒரு தோட்டம் மாதிரி ஆக்கினா எல்லாரும் கலந்து பேசுவாங்கன்னு ஆரம்பிச்சாங்க. அமெரிக்காவுல ராபர்ட் ப்ராப்ஸ்ட் அதுக்கு மாத்தா அவங்கவங்க தேவைக்கு மாத்திக்கிற தடுப்பு எல்லாம் வச்சு 1968ல ஒண்ணு கொண்டு வந்தார், கம்பெனிங்க அத எவ்ளோ நெருக்க முடியுமோ அவ்ளோ நெருக்கி கியூபிக்கிள், அதாவது தடுப்பு வச்ச சின்னச் சின்ன டப்பா அறையா ஆக்கிட்டாங்க. ரெண்டுமே நல்ல நோக்கம், கடைசில சதுர அடி கணக்குதான் ஜெயிச்சது. கலந்து பேசுவாங்கங்கிற நம்பிக்கையும் 2018ல அடி வாங்கிடுச்சு. ஹார்வர்ட்ல ஈதன் பெர்ன்ஸ்டைனும் ஸ்டீபன் டர்பனும் ரெண்டு பெரிய கம்பெனிங்க சுவர எடுத்து திறந்த ஹாலா மாறுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஊழியர்களுக்கு யார் யார்கூட நேர்ல பேசுறாங்கன்னு பதியுற சென்சார் பேட்ஜ் மாட்டி அளந்தாங்க. நேருக்கு நேர் பேசுறது கிட்டத்தட்ட 70 சதவீதம் குறைஞ்சது, ஈமெயிலும் மெசேஜும் கூடிடுச்சு. சுவர எடுத்தா மனுஷன் ஹெட்போன்ல சுவர் கட்டிக்கிறான். எல்லாரும் பாக்குறாங்க, எல்லாருக்கும் கேக்கும்னா யார்தான் மனசு விட்டு பேசுவாங்க.

கோவொர்க்கிங்கோட ஆரம்பக் கதை வேற மாதிரி. 2005ல சான் ஃபிரான்சிஸ்கோல பிராட் நியூபெர்க்ங்கிற புரோகிராமர் ஆரம்பிச்சார், தனியா வேலை பாக்குற சுதந்திரமும் வேணும், ஆபீஸ்ல கிடைக்கிற ஆள் துணையும் வேணும்னு. ரெண்டையும் ஒரே ஆள் கேக்குறார் பாருங்க. அதனால "நான் இன்ட்ரோவர்ட், எனக்கு கோவொர்க்கிங் எதுக்கு"ன்னு யாராவது சொன்னா, வீட்டுல தனியா உக்காந்து நாலு நாளா ஒரு மனுஷ முகம் பாக்காம இருந்தப்ப எப்படி இருந்துச்சுன்னு மட்டும் கேப்பேன். அகமுகக்காரங்களுக்கும் ஆள் வேணும், பேசாம பக்கத்துல சும்மா உக்காந்து வேலை பாக்குற ஆள் வேணும்.

எல்லாத்தையும் விட முக்கியமா எனக்கு தெரிஞ்சது சத்தம் எவ்ளோங்கிறது கூட இல்ல, அத நிறுத்துறது நம்ம கைல இருக்காங்கிறதுதான். டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர்னு ரெண்டு அமெரிக்க சைக்காலஜிஸ்ட்ங்க, 1972ல அவங்க ஆராய்ச்சி புத்தகமா வந்தது. காதைப் பிளக்குற மாதிரி திடீர் திடீர்னு சத்தம் போட்டுக்கிட்டே வேலை பாக்க வச்சாங்க. ஒரு குரூப்புக்கு மட்டும் ஒரு பட்டன், தாங்க முடியலன்னா அமுக்குங்க நின்னுடும், ஆனா முடிஞ்ச வரைக்கும் அமுக்காதீங்கன்னாங்க. பெரும்பாலும் யாருமே அமுக்கல. அதாவது ரெண்டு குரூப்பும் அதே சத்தத்ததான் கேட்டாங்க. ஆனா அப்புறம் கொடுத்த புதிர்லயும் பிழை திருத்துற வேலையிலயும் பட்டன் வச்சிருந்தவங்கதான் ரொம்ப நல்லா பண்ணாங்க, மத்தவங்க சீக்கிரம் கைவிட்டுட்டாங்க. பயன்படுத்தாத ஒரு பட்டன், அது பக்கத்துல இருக்குங்கிற நினைப்பு, அதுவே அவ்ளோ வேலை பண்ணியிருக்கு. இத படிச்ச அன்னைக்குதான் எங்க ரூல்ஸ மாத்தினேன். அதுக்கு முன்னாடி சீட்டு மாறணும்னா என்கிட்ட வந்து சொல்லணும். இப்ப யாரும் கேக்க வேண்டியதில்ல, எப்ப வேணா எழுந்து மாறிக்கலாம். மாறுறவங்க எண்ணிக்கை கூடும்னு பயந்தேன், கூடல.

இன்னொரு விஷயம், குணத்துக்கு எதிரா வேலை பாக்க முடியாதுன்னு இல்ல. பிரையன் லிட்டில்னு ஒரு சைக்காலஜி ப்ரொஃபசர், பயங்கர அகமுகம், ஆனா மேடைல அவர் பேசுறத கேட்டா நம்பவே முடியாதாம். பேசி முடிச்சதும் பாத்ரூம்ல போய் ஒளிஞ்சுக்குவேன்னு அவரே சொல்லியிருக்கார். பிடிச்ச வேலைக்காக நம்ம குணத்த தாண்டி நடந்துக்கலாம், ஆனா அப்புறம் மூச்சு விட ஒரு இடம் வேணும்ங்கிறது அவர் சொல்றது. எனக்கு அது ரொம்ப நெருக்கமான விஷயம். நாள் முழுக்க சிரிச்ச முகமா "வாங்க வாங்க"ன்னு நிக்கிற வேலை எனக்கு, ஆனா நான் அகமுகம்தான். மதியம் ரெண்டேகாலுக்கு மொட்டை மாடில வாட்டர் டேங்க் நிழல்ல பதினஞ்சு நிமிஷம் நிப்பேன், போன் எடுத்துட்டு போக மாட்டேன். அங்க இருந்து பாத்தா பள்ளிக்கரணை சதுப்பு நிலம் தெரியும், குளிர்காலத்துல பறவைங்க கூட்டம் கூட்டமா இறங்கியிருக்கும், பூநாரை வந்த வருஷம் தூரத்துல ரோஸ் கலர்ல ஒரு கோடு மாதிரி தெரிஞ்சது. அந்த பதினஞ்சு நிமிஷம் இல்லாத நாள்ல சாயங்காலம் அஞ்சு மணிக்கு யாராவது பிரின்டர் ஓடலன்னு வந்தா என் குரலே மாறிடும். ஷேர்டு இடம் பாக்க போறவங்க டெஸ்க், வைஃபை, காபி மெஷின் எல்லாம் பாக்குறீங்க, மாடி திறந்திருக்கா, படிக்கட்டுல உக்கார முடியுமான்னும் பாருங்க.

உங்களுக்கு எது செட் ஆகும்னு கண்டுபிடிக்க நான் சொல்ற வழி இது, டெஸ்ட் எதுவும் எழுத வேண்டாம். ஒரு வாரத்துக்கு பாஸ் எடுங்க. ரெண்டு நாள் நடு டேபிள், ரெண்டு நாள் சுவர் ஓரம், ஒரு நாள் ஜன்னல். வேலை மட்டும் ஒரே மாதிரி வேலையா இருக்கட்டும், இல்லன்னா ஒப்பிட முடியாது. ஒரு சின்ன பேப்பர்ல மூணே மூணு எழுதுங்க, ஹெட்போன எத்தன மணிக்கு மாட்டினீங்க, எத்தன தடவ காரணமே இல்லாம எழுந்து போனீங்க, சாயங்காலம் வீட்டுக்கு போனதும் பேசுற தெம்பு இருந்துச்சா. மூணாவதுதான் முக்கியம். வேலை எல்லா சீட்டுலயும் எப்படியோ முடிஞ்சுடும், அதுக்கு உங்க உடம்பு என்ன விலை கொடுத்துச்சுங்கிறது வீட்டுல இருக்குறவங்க மேல எரிஞ்சு விழறப்பதான் தெரியும். காலைல வர்ற நேரமும் எழுதி வைங்க, எட்டு மணிக்கு இருக்குற ஹாலும் பன்னெண்டு மணிக்கு இருக்குற ஹாலும் ரெண்டு வேற இடம். டீமா வர்றீங்கன்னா இந்தப் பேப்பர ஒருத்தருக்கொருத்தர் காட்டிக்கோங்க, நாலு எழுத்த விட அது நிறைய பேசும்.

அந்த சப்டைட்டில் பொண்ணு பாஸ கேன்சல் பண்ணல. ஒரு வாரம் பாருன்னு சொல்லி தூண் ஓரத்துல ரெண்டாவது சீட்டு காட்டினேன், முதுகுக்கு தூண், இடது பக்கம் சுவர், எதிர்ல செடி, பேன்ட்ரி சத்தம் அங்க வர்றதுக்குள்ள முக்கால்வாசி செத்துடும். ரெண்டு வருஷமா அங்கதான் இருக்கா. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு கீழ் கடைல இருந்து வாழைக்கா பஜ்ஜி வரும்போது மட்டும் லேப்டாப்ப மூடிட்டு நீள டேபிளுக்கு வருவா, அரை மணி நேரம் எல்லார் கூடயும் நல்லா பேசுவா, அந்த இன்சூரன்ஸ்காரர் கூடத்தான் அதிகம், அப்புறம் திரும்பி போய் ஹெட்போன மாட்டிக்குவா. தூண் ஓரத்துல ஆறு சீட்டு பத்தலன்னு ஓனர்கிட்ட ஆறு மாசமா சொல்லிட்டு இருந்தேன், இப்ப ஒத்துக்கிட்டார். சனிக்கிழமை கார்பென்டர் வர்றார், நீள டேபிளுக்கும் தூண் வரிசைக்கும் நடுவுல ஆள் உயரத்துக்கு ஒரு புக் ஷெல்ஃப், அதுக்கு பின்னாடி புதுசா நாலு சீட்டு. ஷெல்ஃபுக்கு பழைய புத்தகம் இருந்தா கொண்டு வாங்கன்னு போர்டுல எழுதிப் போட்டிருக்கேன்.